பதினெட்டு என்றால் எந்தப் பதினெட்டு?

கண்டியில் மோட்டார் சுற்றும் கம்பியை நிறையில்தான் விற்பார்கள். கம்பித் தடிப்பின் இலக்கத்தைச் சொன்னால் கடைக்காரர் தேவையான அளவு சுற்றி எடுத்துத் தராசில் வைத்துவிடுவார். துடிப்பு மோட்டார் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில். அவர்கள் கையில் இருக்கும் வரைபடம் அமெரிக்காவில் பிறந்தது. அதில் 18, 23 என்று போட்டிருப்பது அமெரிக்க கேஜ். நம் கடைகளில் புழங்குவது 1884இல் பிரித்தானியர் சட்டமாக்கிய எஸ்.டபிள்யூ.ஜி. அமெரிக்க 18 என்பது 1.02 மில்லிமீட்டர் விட்டம், நம்முடைய 18 என்பது 1.22. செப்பின் குறுக்குப் பரப்பில் இது நூற்றுக்கு நாற்பது அதிகம், காசும் அந்தளவு அதிகம். சுருளுக்குள் இடமும் போதாது. ஆகவே அமெரிக்க 18க்கு நம் கடையில் 19 கேட்க வேண்டும், 23க்கு 24. இலக்கத்தையே விட்டுவிட்டு "ஒரு மில்லிமீட்டர் தாங்க முதலாளி" என்று கேட்டால் குழப்பமே இல்லை.

நான் மஹியாவ பக்கம் ரேடியோ, ரி.வி. திருத்துகிறவன். பொல்கொல்லை, விக்டோரியா, கொத்மலை என்று கண்டியைச் சுற்றி அணைகள் நிற்கின்றன. விக்டோரியா மட்டும் 210 மெகாவாட் தரக்கூடியது. இருந்தும் 2022 மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்க 13 மணித்தியாலம் மின்வெட்டு. எண்ணெய் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. அந்தக் காலத்தில்தான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிற பையன்கள் இந்த வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். "அண்ணே, இது தானே சுத்தி தானே பற்றரியை சார்ஜ் பண்ணுமாம்." தானே என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

இதைப் பரப்பியவர் ஜோன் பெடினி என்ற அமெரிக்கர். அம்பிளிபயர் செய்து பேர் வாங்கியவர், 2016இல் காலமானார். இந்த வகை மோட்டாருக்கு 2002இல் அமெரிக்கக் காப்புரிமையும் எடுத்தார். வேலை செய்யும் விதம் எளிது. சக்கரத்தின் விளிம்பில் காந்தங்கள், பக்கத்தில் இரும்பு நடுவே வைத்த ஒரு சுருள். சுருளில் இரண்டு கம்பிகள் சேர்ந்து ஓடும். காந்தம் இரும்பை நோக்கித் தானாக இழுபட்டு வரும். தாண்டுகிற நொடியில் மெல்லிய கம்பியில் தூண்டப்படும் அழுத்தம் ட்ரான்சிஸ்டரைத் திறந்துவிடும், தடித்த கம்பியில் மின்னோட்டம் பாயும், சுருள் காந்தமாகி வந்த காந்தத்தைத் தள்ளிவிடும். உடனே ட்ரான்சிஸ்டர் மூடும். மூடும்போது சுருளின் காந்தப்புலம் இடிந்து விழுகிறது. 12 வோல்ட் கொடுத்த இடத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஒரு கணம் எழும். அந்த உதையை டயோட் வழியாக இரண்டாவது பற்றரிக்குத் திருப்பிவிடுகிறோம். கராஜில் நிற்கிற பாஸ்மாருக்கு இது புதிதல்ல. பழைய கார்களில் பொயின்ட் திறக்கும்போது இக்னிஷன் கொயிலில் நடப்பதும் இதே.

கம்பிக்குத் திரும்புவோம், ஏனென்றால் செலவு முழுக்க அதில்தான். ஒவ்வொன்றிலும் 40 மீட்டர் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் கம்பி ஏறக்குறைய 300 கிராம், மெல்லியது, அதாவது நம் 24, 90 கிராமுக்குள். தடித்ததில் தடை ஒரு ஓமுக்குச் சற்றுக் குறைவு, மெல்லியதில் 3 ஓமுக்குக் கொஞ்சம் கீழே. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் யாரும் ஏமாற்ற முடியாது. சுற்றி முடித்த சுருளில் தடை கணக்கைவிடக் குறைவாகக் காட்டினால் எங்கோ இனாமல் உரிந்து சுற்றுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

அலுமினியத்தின் மேல் செப்புப் பூசிய கம்பியும் சந்தையில் உண்டு. பார்க்க அசல் போலவே இருக்கும். பிளேடால் நுனியை ஆழமாகச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தடையும் கூட, ஈயமும் ஒழுங்காகப் பிடிக்காது. எரிந்த மோட்டாரில் இருந்து கழற்றிய கம்பியை ஓசியில் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். சூடு பட்ட இனாமல் வளைக்கும்போதே வெடிக்கும். மற்ற எல்லாவற்றையும் பழையதில் பொறுக்கலாம், கம்பியை மட்டும் புதிதாக வாங்குங்கள். இரண்டு கம்பியையும் ஒரே தடவையில், ஒரே பக்கமாக, பக்கம் பக்கமாகச் சுற்ற வேண்டும். தொடக்க நுனிகளில் நிறம் பூசிக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பியின் நுனிகள் மாறினால் ட்ரான்சிஸ்டர் தவறான நேரத்தில் திறக்கும், மோட்டார் ஓடாது.

நடு இரும்புக்கு ஒரு பெரிய போல்ட்டைச் செருகிவிடுவது பலருடைய வழக்கம். அது கெட்ட யோசனை. முழு இரும்பில் சுழல் மின்னோட்டம் ஓடிச் சூடாகும், கடினமான இரும்பென்றால் காந்தத்தன்மையும் அதிலேயே தங்கிவிடும். காஸ் வெல்டிங் கம்பிகளைத் துண்டு துண்டாக வெட்டி, வார்னிஷ் பூசி, கட்டாகச் செருக வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் கொங்கிரீட் கம்பிகளைக் கட்டுகிற கறுப்புக் கட்டுக்கம்பி இருக்கிறதே, அது மென்மையான இரும்பு, விலையும் மலிவு. நிமிர்த்துவதுதான் பொறுமை கேட்கும்.

சக்கரத்துக்கு லுமாலா சைக்கிளின் முன் சில்லு அருமையாக இருக்கும். சிறியதாகப் போதும் என்றால் செத்துப்போன வீடியோ டெக்கின் ஹெட் டிரம்மைக் கழற்றுங்கள். அதன் பெயாரிங்குக்கு இணையானதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. காந்தம் கறுப்பு பெரைட் போதும். எல்லாம் ஒரே முனை வெளியே பார்க்க வேண்டும், ஒன்று மாறினாலும் தட்டுத் தடுமாறி ஓடும். பசையை மட்டும் நம்பாமல் சுற்றிலும் நார் டேப் போட்டு இறுக்குங்கள். கழன்று பறக்கிற காந்தம் கண்ணைக் கேட்காது.

அடுத்தது ட்ரான்சிஸ்டர். எங்கள் தொழிலில் 2என்3055 தெரியாதவர் இல்லை. இரும்புத் தொப்பி போட்ட 15 அம்பியர் சாமான். இந்த வேலைக்கும் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். இரண்டாவது பற்றரி இணைந்திருக்கும்வரை பயமில்லை, உதையைப் பற்றரி வாங்கிக்கொள்ளும். வயர் ஒன்று கழன்றால் போச்சு. அதற்காகத்தான் ட்ரான்சிஸ்டரின் குறுக்கே ஒரு நியோன் விளக்கு வைக்கச் சொல்வார்கள். டெஸ்டருக்குள் சிவப்பாக எரிகிறதே, அதுதான். உள்ளே அதனோடு தொடராக ஒரு தடையும் இருக்கும், அதை விட்டுவிட்டு விளக்கை மட்டும் எடுக்க வேண்டும். ஆனால் இதில் ஒரு கணக்கு உதைக்கிறது. நியோன் பற்றுவதற்கே 90 வோல்ட் வரை கேட்கலாம், 3055 தாங்குவதாக உத்தரவாதம் தருவதோ 60 வோல்ட். காவல்காரன் விழிக்கும் முன்னே வீடு போய்விடும். 250 வோல்ட் தாங்கும் எம்ஜேஎல்21194 எடுத்தால் நியோனுக்கு வேலை வருமட்டும் ட்ரான்சிஸ்டர் நிற்கும். விலை கூடத்தான், இரண்டு 3055 எரிவதைவிடக் குறைவு. சந்தையில் போலி 3055 வேறு ஏராளம், நிறுத்துப் பார்த்தாலே சில நேரம் இலேசாக இருக்கும்.

டயோட்டுக்கு 1என்4007 போதும். வேகமான யுஎஃப்4007தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் உண்டு. சக்கரத்தில் 20 காந்தம், நொடிக்கு 5 சுற்று என்றால் நொடிக்கு 100 துடிப்பு. அதற்கு வேகம் எதற்கு? பேஸ் பக்கத்துக்கு 680 ஓம் தடை ஒன்று, அதோடு தொடராக 1 கிலோ ஓம் வொலியூம் கொன்ட்ரோல் ஒன்று, ரிவர்ஸ் அழுத்தத்தைத் தடுக்க இன்னொரு டயோட். முடிந்தது.

இனி அந்தத் 'தானே'. தோட்ட லயங்களுக்குக் கரண்ட் வருமுன், கறுப்பு வெள்ளை ரி.வி. பார்ப்பதற்காகக் கார் பற்றரியைத் தலையில் சுமந்து டவுனுக்கு வந்து சார்ஜ் பண்ணிக்கொண்டு போன காலம் இருந்தது. காம்பிராவில் படம் பாதியில் சுருங்கினால் பற்றரி முடிந்தது என்று அர்த்தம். அந்தச் சனங்களுக்குத் தெரிந்த உண்மை இதுதான்: எடுத்ததை யாராவது போட்டாக வேண்டும். துடிப்பு மோட்டாரிலும் இரண்டாவது பற்றரிக்குப் போவது முதல் பற்றரி கொடுத்ததில் ஒரு பங்கு. கம்பி சூடாவதிலும், பெயாரிங் உராய்விலும், காற்றைக் கிழிப்பதிலும் மிச்சம் தொலைகிறது. காப்புரிமை எடுத்ததால் இந்தக் கணக்கு மாறாது.

மல்டிமீட்டர் இங்கே பொய் சாட்சி சொல்லும். துடிப்பு வாங்கிய பற்றரி 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், பையன்கள் துள்ளிக் குதிப்பார்கள். கழற்றி ஓர் இரவு வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் பின்விளக்கின் 5 வாட் பல்பை மாட்டி, 11.8க்கு இறங்கும்வரை எத்தனை மணித்தியாலம் எரிகிறது என்று பாருங்கள். பிறகு இரண்டு பற்றரிகளையும் இடம் மாற்றி ஓடவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மாற்றி மாற்றி ஓட்ட இரண்டுமே இளைத்துக்கொண்டு போகும்.

அப்படியென்றால் செய்ய வேண்டாமா? செய்யச் சொல்லியே அனுப்புகிறேன். தன்தூண்டலைப் பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்த பிள்ளை, அந்த உதை விரலில் சுள்ளென்று பட்டபின் ஆயுளுக்கும் மறக்காது. ஆனால் மின்வெட்டுக்குத் தயாராகிறேன் என்று குடும்பக் காசைப் போடாதீர்கள். இந்த மோட்டார் 0.2 அம்பியர் தந்தால், யூபிஎஸ்ஸில் வருகிற 7 அம்பியர் மணிப் பற்றரி நிரம்ப 35 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், அதுவும் இன்னொரு பற்றரியைக் குடித்துக்கொண்டு. 20 வாட் சோலார் தகடு ஒன்றும் அதற்கான சார்ஜ் கொன்ட்ரோலரும் வாங்கிக் கூரையில் போடுங்கள். நல்ல வெயில் நாளில் அதே பற்றரி ஏறக்குறைய முழுதாக நிரம்பிவிடும். மழை நாளில், ஒத்துக்கொள்கிறேன், அதுவும் காலை வாரும்.