பேராக் அரியணைச் சண்டை: விடைத்தாளில் விட்டுப்போகும் ஒரு கண்ணி

"பங்கோர் ஒப்பந்தத்திற்கான காரணங்களை விளக்குக" என்று கேட்டால், நம் மாணவர்கள் பலர் ஈயத்தில் தொடங்கி ஈயத்திலேயே முடித்துவிடுகிறார்கள். சுங்காயில் நானும் ரொம்ப நாள் அப்படித்தான் குறிப்பு கொடுத்தேன். ஆனால் அங்கே நடந்தது இரண்டு சண்டை. அவை எங்கே ஒன்றுசேர்ந்தன என்பதை எழுதினால்தான் விடை முழுமையாகும்.

ஒன்று, லாரூட் ஈயச் சுரங்கச் சண்டை. 1861லிருந்தே கீ ஹின், ஹை சான் என்ற இரு சீன இரகசியச் சங்கங்கள் அங்கே மோதிக்கொண்டிருந்தன. மற்றொன்று, அரியணைச் சண்டை. 1871இல் சுல்தான் அலி காலமானார். முறைப்படி அடுத்தவர் ராஜா மூடாவான அப்துல்லா. அவர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. பிரமுகர்கள் பெண்டஹாரா இஸ்மாயிலைச் சுல்தானாக்கிவிட்டார்கள். உரிமை கோரக்கூடிய ராஜா யூசோப்பை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இனி கண்ணியைப் பாருங்க. லாரூட்டின் அதிபதி ங்கா இப்ராஹிம் இஸ்மாயிலை ஆதரித்தார். பின்னர் ஹை சான் பக்கம் சாய்ந்தார். அப்துல்லா என்ன செய்வார்? எதிரியின் எதிரியான கீ ஹின்னோடு கைகோத்தார். சுரங்கத் தகராறு அரச வாரிசுப் போராகிவிட்டது. கீ ஹின் படகுகள் லாரூட் கரையோரம் கொள்ளையில் இறங்கியதால் பினாங்கு வணிகமும் படுத்தது. ங்கா இப்ராஹிமும் சும்மா இருக்கவில்லை. 1873இல் கேப்டன் ஸ்பீடி மூலம் இந்தியாவிலிருந்து சிப்பாய்களை இறக்கினார். (இந்த வரியைச் சொன்னால் வகுப்பில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான்!)

இது பேராக்கில் மட்டும் நடந்த கதையில்லை. இன்றைய உக்ரேனில் உள்ள செர்னிகோவ் நகரை 1094இல் இளவரசர் ஒலெக், புல்வெளி நாடோடிகளான பொலோவ்ட்சிகளின் துணையோடு சொந்த உறவினரிடமிருந்து பிடித்தார். வந்தவர்கள் சுற்று ஊர்களைச் சூறையாடினார்கள், ஒலெக் தடுக்கவில்லை. அவர்களுக்குக் கூலியே அதுதான்.

அப்துல்லாவும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அவருக்குக் கடைசியாக வந்த துணை கீ ஹின் அல்ல, பிரிட்டிஷார். 1873 டிசம்பரில் ஆளுநர் ஆண்ட்ரு கிளார்க்குக்கு அவர் கடிதம் அனுப்பினார். 1874 ஜனவரி 20இல் பங்கோரில் அவரே சுல்தான் என்று ஒப்பந்தம் ஆனது. அதற்கு விலை ரெசிடெண்ட். மலாய்ச் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனைப்படி நடக்க வேண்டும். வரி வசூலும் கைமாறும் நிலை வந்தபிறகுதான் அந்த ஒப்பந்தத்தின் கனம் பலருக்கும் உறைத்தது.

1875 நவம்பர் 2, பாசிர் சாலாக்கில் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டார். சுங்காயிலிருந்து பீடோர், தெலுக் இந்தான் வழியாக ஒரே நாளில் மாணவர்களை அங்கே கூட்டிப்போய் வரலாம். போய் வந்த பிறகு இந்தத் தேதி மறக்காது. அப்துல்லா 1877இல் செய்ஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். இஸ்மாயிலை ஜொகூருக்கு அனுப்பினார்கள். ஆட்சிப் பொறுப்பு யாருக்குப் போனது தெரியுமா? 1871இல் யாரும் கண்டுகொள்ளாத அதே ராஜா யூசோப்புக்கு.