பருமனும் தொத்துநோயும்: செய்தியைப் படிக்கும் முறை

2021-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் உலகெங்கும் பத்திரிகைகளில் ஒரு செய்தி பெரிய எழுத்தில் வெளிவந்தது. உலகப் பருமன் கூட்டமைப்பு என்னும் ஸ்தாபனத்தின் அறிக்கையே அதற்கு ஆதாரம். பிப்ரவரி முடியக் கொரோனாவால் மாண்ட 25 லட்சம் பேரில் 22 லட்சம் பேர், வயதுவந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் அதிக எடையுடைய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று அவ்வறிக்கை கூறிற்று. தலைப்பை மாத்திரம் படித்தவர்கள், மாண்டவரில் பத்துக்கு ஒன்பது பேர் பருத்த சரீரமுடையோர் என்றே பொருள் கொண்டிருப்பர்.

உண்மையில் அங்கே வகைப்படுத்தப்பட்டவை நாடுகள். நோயாளிகளின் சரீரங்கள் அல்ல. அந்நாடுகளில் பல செல்வம் மிக்கவை. முதியோர் தொகை அதிகம். மரணங்களைத் தவறாது பதிவு செய்யும் வழக்கமும் அதிகம். பாதி வீடுகளில் தறி ஓடும் ஊரில் மழையின்றிப் பயிர் கருகினால், தறியினால் கருகிற்று என்று நாம் சொல்வதுண்டோ?

அச்செய்தி வந்து இரண்டு மாதம் செல்லுமுன் இரண்டாம் அலை நம் நாட்டைத் தாக்கிற்று. 2019-21 தேசியக் குடும்ப சுகாதார ஆய்வின்படி இந்தியாவில் அதிக எடையுடையோர் சுமார் நான்கில் ஒருவரே. ஆயினும் 2020, 2021 ஆகிய இரண்டாண்டுகளில் இங்கு வழக்கத்திற்கு மேற்பட்டு நேர்ந்த மரணங்கள் சுமார் 47 லட்சம் என உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. மத்திய அரசு அம்மதிப்பீட்டு முறையை ஒப்பவில்லை. அரசுக் கணக்கு ஐந்து லட்சத்திற்குச் சற்றுக் குறைவு. எந்தக் கணக்கைக் கொண்டாலும், மெலிந்த நாடு என்பதனால் நாம் தப்பிவிடவில்லை.

இதனால் பருமன் தீங்கற்றது என்று எவரும் எண்ணிவிட வேண்டா. 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோதே, தீவிர சிகிச்சைக்கு வந்தோரில் பருத்தவர் மிகுந்திருந்ததை அமெரிக்க வைத்தியர்கள் கண்டனர். கொரோனாவிலும் நோயாளி நோயாளியாக எண்ணிப் பார்த்த ஆய்வுகள் அதனையே காட்டின. வயிற்றுக் கொழுப்பு மேல்நோக்கி அழுத்துவதால் நுரையீரலின் அடிப்பாகம் நன்கு விரிவதில்லை. கொழுப்புத் திசு உடலில் ஓயாத அழற்சியை உண்டாக்குகிறது. உடன் சர்க்கரை வியாதியும் சேர்ந்தால் கிருமியை எதிர்க்கும் சக்தி தளர்கிறது.

ஆனால் தொத்துநோய் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. நமது நெசவாளர் நெடுங்காலமாக அஞ்சிவரும் காசநோய் மெலிந்தவரையே அதிகம் நாடுவது. ஜார்க்கண்ட் மாநிலத்தில், சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்ட சோதனை ஒன்றின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் கூடுதல் உணவுப் பொருள் அளித்ததில், அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் காண்பது 39 சதவிகிதம் குறைந்தது. மருந்தன்று, உணவுப் பொருளே இதைச் செய்தது! இச்செய்திக்கு முதற்பக்கத்தில் இடம் தந்த பத்திரிகைகள் அதிகமில்லை என்பது நமது அபிப்பிராயம்.

தமிழ்நாட்டின் நிலைமை இன்னும் சிக்கலானது. மேற்சொன்ன 2019-21 ஆய்வில், நம் மாநிலப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடையினர், 12.6 சதவிகிதம் பேர் அளவுக்கு மிஞ்சி மெலிந்தவர். ஒரே தெருவில் இருவகையினரும் வாழ்கின்றனர். 2012-இல் வெளியான ஓர் ஆய்வோ, தமிழ்நாட்டுக் காசநோயாளரில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதியும் இருப்பதைக் கண்டது.

எடைத் தராசு காட்டாததும் ஒன்றுண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் ஆகிய இரு விஞ்ஞானிகளும் தம்மையே அளந்து 2004-இல் எழுதினர். உயரத்திற்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாக்னிக்குக்கு 21.2. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய தேகம் நம்மவரிடையே சாதாரணம். நாள் முழுதும் தறிக்குழியில் உட்கார்ந்திருப்போரும், தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருப்போரும் இதனைக் கவனிப்பது நலம். இந்தியருக்கு வைத்தியர் வகுத்துள்ள இடுப்பளவு, ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80. செட்டியார்பட்டி, தளவாய்புரம் வட்டாரத்தில் அளப்பதற்கு நாடா தேடி அலைய வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட செய்தியைப் படித்து, இருமலோடிருக்கும் மெலிந்த மனிதருக்கு நெய்யையும் முட்டையையும் நிறுத்தும் வீடு ஒன்றிருந்தாலும் அது கேடே. இரண்டு வாரத்திற்கு மேல் இருமினால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும், அத்துடன் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும், இரண்டிற்கும் கட்டணமில்லை. காசநோய் உறுதியானவர்க்குச் சிகிச்சைக் காலத்தில் மத்திய அரசு உணவிற்கென மாதம் 500 ரூபாய் அளித்து வந்தது; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். தொகை நோயாளியின் வங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. நூல் பாக்கிக்கும் உரக் கடனுக்கும் அதனை எடுத்துவிடாமல் வீட்டார் பார்த்துக்கொள்வார்களாக.