குடலைப் புரட்டிப் பார்த்தால்

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் கால்மணி நேரம் நின்றால் உடற்கூறு பாடத்தில் பாதி முடிந்துவிடும். கொக்கியில் ஈரலும் நுரையீரலும் தொங்கும். மரக்கட்டைமேல் குண்டிக்காய் இரண்டு கிடக்கும். "சுவரொட்டி இருக்கா?" என்று ஒருவர் கேட்பார், அவர் கேட்பது மண்ணீரலை. கடைக்காரர் எடுத்துத் தருவதெல்லாம் முழு முழு உறுப்புகள். உறுப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, வாங்கிவந்த குடலைக் கழுவுகிற கொல்லைப்புறத்துக்குத்தான் போகவேண்டும்.

எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. குச்சியை ஒரு முனையில் கொடுத்து, சட்டைக் கையைப் புரட்டுவதுபோல் குடலை உள்வெளியாகத் திருப்புவார். மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்ப்பார். விரலால் வழித்தால் சளிபோல ஒரு படலம் கையோடு வரும். அதற்கடியில் எவ்வளவு இழுத்தாலும் அறாத ஒரு சவ்வு, அப்புறம் சதை, கடைசியில் பளபளவென்று மெல்லிய தோல்.

பாரிசில் இருந்த சவியே பிஷா என்ற இளம் மருத்துவர் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். பிணங்களின் உறுப்புகளை அறுத்தார், வேகவைத்தார், உலர்த்தினார், அழுகவிட்டார், அமிலத்தில் ஊறவைத்தார். எது எதில் இளகுகிறது, எது தாங்குகிறது என்று பார்த்து, உடலெங்கும் 21 வகைத் திசுக்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்றார். நுண்ணோக்கிமேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. 1802-இல், 30 வயதில் இறந்துபோனார். விலங்குகளும் தாவரங்களும் செல்களால் ஆனவை என்று ஷ்லைடனும் ஷ்வானும் சொன்னது 1838, 1839-இல். பள்ளிப் புத்தகம் செல்லில் தொடங்கி திசு, உறுப்பு, மண்டலம் என்று மேலே ஏறுகிறது. மனிதர்கள் கண்டுபிடித்ததோ மேலிருந்து கீழே இறங்கி!

பிஷாவின் 21 இன்று நான்கு பெருவகைகளாகச் சுருங்கிவிட்டது: எபிதீலியம், இணைப்புத் திசு, தசை, நரம்பு. நான்கையும் குடல் சுவர் ஒன்றிலேயே பார்க்கலாம்.

கையோடு வந்த படலத்தில் இருப்பது எபிதீலியம். ஒரே ஒரு செல் கனம்தான். குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய விரல்களை அது போர்த்தியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட வராது. மனிதக் குடலில் இந்தச் செல்கள் அடிக்குழியில் பிறந்து, விரல்மேல் நகர்ந்து ஏறி, மூன்று முதல் ஐந்து நாளில் நுனியிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. இந்த மடிப்புகளை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் வரும் என்று நம் ஆசிரியர்கள் சொன்னார்கள். சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் 2014-இல் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு சுமார் 32 சதுர மீட்டர். மைதானத்தின் ஒரு மூலை. அதுவே ஒரு வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது.

அறாத சவ்வு இணைப்புத் திசு. அதன் வலு கொலாஜன் நார்களில் இருக்கிறது. உடலுக்குள்ளேயே கரையும் 'கேட்கட்' தையல் நூலை நெடுங்காலம் செம்மறியாட்டுக் குடலின் இந்தப் பகுதியிலிருந்துதான் எடுத்தார்கள்; பூனை பெயரில் மட்டுமே. அடுத்து தசை, இரண்டு அடுக்கு: ஒன்று குடலைச் சுற்றி ஓடும், மற்றது நெடுக ஓடும். இரண்டுக்கும் நடுவே நரம்புகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அப்போதுதான் வயிற்றைக் கிழித்த ஆட்டின் குடல் வெளியே வந்த பிறகும் நெளிவதைக் கடையில் பார்த்திருப்பீர்கள். மூளையின் தயவில்லாமல் குடலை அசைக்கிற வலை அது.

இந்த நான்கு வகைச் செல்களும் ஒரே கருமுட்டையின் வாரிசுகள். எல்லாவற்றிலும் மரபணுத் தொகுப்பு ஒன்றே. எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

செல், திசு, உறுப்புவரை பள்ளிப் புத்தகக் கணக்கு நேராக வருகிறது. மண்டலம் என்று வரும்போதுதான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். குடலைச் செரிமான மண்டலத்தில் சேர்த்துப் பாடத்தை முடித்துவிடுகிறோம். ஆனால் அதன் சுவரிலேயே பேயர் திட்டுகள் என்ற மேடுகள் உண்டு; அவை நோய் எதிர்ப்புச் செல்களின் முகாம். 1902-இல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு அதில் அமிலம் ஊற்றினார்கள். நரம்புத் தொடர்பே இல்லை, ஆனாலும் கணையம் சுரந்தது. உடனே குடலின் உள்படலத்தைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி ரத்தக் குழாயில் செலுத்தினார்கள். கணையம் மறுபடி சுரந்தது. சேதி ரத்தத்தில் போயிருக்கிறது! அந்தப் பொருளுக்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லே அதற்கு மூன்று ஆண்டு கழித்துத்தான் வந்தது. அப்படியானால் குடல் நாளமில்லாச் சுரப்பி மண்டலத்திலும் ஓர் ஆள்தான்.

அம்மா வழித்தெடுத்த படலமும் அவர்கள் சுரண்டிய அதே உள்படலம்தான். எங்கள் வீட்டில் அது மஞ்சள் தண்ணீரோடு தென்னை மரத்தடிக்குப் போனது.