போல்ட் போனால் போகட்டும்

கடலூரிலிருந்து வடலூர் போகிற சாலையில் இருக்கிறது குள்ளஞ்சாவடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெய்வேலி. லாரியின் அடிப்பாகம் துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்? நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம்தான். அதன் தூளும் சாம்பலும் ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே அப்பிக்கொண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். பட்டை ஒடிந்த அன்று, அதை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யு போல்ட்டின் நட்டு அசையவில்லை என்றால் அதன்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

இரும்பு துருவானால் கரைந்து போகும் என்றுதான் நினைக்கிறோம். மரைக்குள் நடப்பது வேறு. துருவாகும்போது இரும்பு பல மடங்கு பருக்கிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடம்; அதில் துரு ஆப்பு மாதிரி இறுகிவிடுகிறது. ஸ்பானரில் நீளக் குழாய் மாட்டி இரண்டு பேர் தொங்கினாலும் துரு விடாது. நட்டின் முனைதான் மழுங்கும், இல்லையேல் போல்ட் முறுக்கி ஒடியும்.

முதலில் சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். யு போல்ட் விட்டதும் ஆக்சில் நகரும். பிறகு, வெளியே நீளும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. நட்டு அந்த வழியாகத்தானே வெளியே வர வேண்டும்! துருநீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறட்டும். காலையில் நட்டின் ஒரு பக்கம் கனமான சுத்தியை முட்டுக் கொடுத்து, எதிர்ப்பக்கம் தட்டுங்கள். அந்த அதிர்வில் துரு நொறுங்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். கழற்றுவதற்கு முன் ஒரு துளி இறுக்கிப் பாருங்கள். அசைந்துவிட்டால் முன்னும் பின்னுமாகத் திருப்பியே கொண்டுவந்துவிடலாம்.

அதற்கும் மசியாவிட்டால் கேஸ். எண்ணெயைத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் சூடாக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் நட்டு 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் துளை விரிவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதுவே தாராளம். ஜுவாலை பட்டையில் பட்டால் எஃகின் பதம் போய்விடும். நல்ல பட்டையும் பிறகு ஒடியும். பக்கத்தில் ஏர் பிரேக் டியூப் போகிறது, ரப்பர் புஷ் இருக்கிறது. அவசரக் கைக்குக் கேஸ் கட்டரைக் கொடுக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், யு போல்ட்டோடு இவ்வளவு மல்லுக்கட்டவே தேவையில்லை. ஒருமுறை இறுக்கிய யு போல்ட் நீண்டிருக்கும். கழற்றியதைத் திரும்ப மாட்டாதே என்பதுதான் தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. எப்படியும் தூக்கிப் போடப் போவதைக் காப்பாற்ற அரைநாள் எதற்கு? கிரைண்டரால் அறுத்துவிடுங்கள். பொறுமையெல்லாம் பட்டையின் முனையைப் பிடித்திருக்கும் ஷேக்கிள் பின்னுக்கு வேண்டும். அங்கே பின் போனாலும் பிராக்கெட் பிழைக்க வேண்டும். அது உடைந்தால் செலவும் பெரிது, வேலையும் பெரிது.

புது யு போல்ட்டுகள் இரண்டின் நான்கு நட்டுகளையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிவிட்டு, வெளியே தெரியும் மரையில் கிரீஸ் தடவிவிடுங்கள்.