கண்ணும் செவியும்

கண்ணிற் படலம் படர்ந்தபின், இரவில் நூல் விரித்தல் எனக்கு அரிதாயிற்று. பகலில், திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’யைப் படித்து வருகின்றேன். ஆசிரியர் ஈழத்தவர், கதைக்களமோ நாயக்கர் காலத்துத் தஞ்சையும் திருச்சியும். சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திர’மும் (1885) எகிப்தையே நாடிற்று. தம் ஊரைக் கதையாக்கும் துணிவு அந்நாளிற் பிறக்கவில்லை போலும்!

இரவிலே, மாணவனொருவன் கைபேசியில் இட்டுத்தந்த ‘பொன்னியின் செல்வன்’ ஒலிநூலைச் செவிமடுக்கின்றேன். நம் கோயில்களிற் கந்தபுராணத்தை ஒருவர் படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். இங்கே படிப்பவர் மட்டுமே உளர், ஐயமெழின் வினாவுதற்கு ஆளில்லை. ஆயினும், அச்சிற் படித்த காலத்து விரைந்து தாண்டிய வருணனைகளை இம்முறை ஒன்றும் விடாது கேட்டேன். வந்தியத்தேவன் கோடிக்கரையை அடைந்துவிட்டான். நாளையிரவு பூங்குழலியின் படகில் நம் நாட்டுக்குப் புறப்படுவான்.