துருவக் கடலுப்புத் துகள்களில் சல்பேட் குறைவு

கடல்நீரில் 1 கிராம் சோடியத்திற்கு ஏறத்தாழ 0.25 கிராம் சல்பேட் உள்ளது. அலை தெறித்த துளிகள் காற்றில் உலர்ந்து உருவாகும் உப்புத் துகள்களும் இவ்விகிதத்தையே கொண்டிருக்கும் எனக் கருதப்பட்டது. அண்டார்க்டிகக் கடலோர நிலையங்களின் குளிர்காலத் துகள்களிலோ விகிதம் ஏறத்தாழ 0.07 மட்டுமே.

இதற்குக் காரணம் கடற்பனி. கடல்நீர் உறையும்போது உப்பு பனிப்படிகத்துள் புகாமல் செறிந்த உவர்நீராக வெளியேறுகிறது. வெப்பநிலை −6 முதல் −8 பாகை செல்சியசுக்குக் கீழ் செல்லும்போது அவ்வுவர்நீரிலிருந்து மிராபிலைட் எனப்படும் நீரேறிய சோடியம் சல்பேட் வீழ்படிகிறது. சோடியம் பன்மடங்கு மிகுதியாதலால் அதன் இழப்பு சிறிது. சல்பேட்டின் பெரும்பகுதியோ நீங்கிவிடுகிறது. கடற்பனிமேல் மலரும் உறைபனிப் பூக்களே இத்துகள்களின் பிறப்பிடம் என முதலில் கருதப்பட்டது. ஆய்வகக் காற்றோட்டத்தில் அப்பூக்கள் எளிதில் உதிரவில்லை. எனவே, உவர்ப்பேறிய வெண்பனி புயலில் வீசப்பட்டு, பனி ஆவியாகி, உப்பு எஞ்சுகிறது என்னும் விளக்கமே இன்று வலுவுடையது.

இவ்வேறுபாடு பழங்கால வானிலை ஆய்வைத் தொடுகிறது. பனியடுக்குத் துளைமாதிரிகளில் கடல்சாராச் சல்பேட்டைக் கணக்கிட, சோடிய அளவை 0.25 ஆல் பெருக்கிக் கழிப்பர். கடற்பனியில் பிறந்த துகள்களுக்கு இக்கணக்கு எதிர்க்குறி எண்ணைத் தரும். இயற்பியற் பொருளற்ற அவ்வெண்ணே துகளின் பிறப்பிடத்திற்குச் சான்றாகிறது. சோடிய மிகுதியைப் புயல்மிகுந்த கடலின் அடையாளமாக மட்டும் கொள்வதும் பொருந்தாது. அது கடற்பனி விரிவையும் குறிக்கலாம். கோடையில் கந்தக அமிலம் துகளில் படிந்து, குளோரைடை ஐதரசன் குளோரைடு வாயுவாக வெளியேற்றிச் சல்பேட்டைக் கூட்டுவதால், இச்சான்று அப்பருவத்தில் மறைந்துபோகிறது.