பள்ளத்தாக்கில் பந்தி – 17: மிளகாய் இல்லாத புலாவ்

ஆப்கானியர்களின் காபூலி புலாவில் மிளகாய் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, கோலாலம்பூரில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, கடைசியில் தட்டு வந்ததும் “என்னடா இது, சோறு இனிக்குது!” என்று முகம் சுளித்த நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த முறை என்னோடு வந்த மைத்துனரும் அந்த ரகம்தான். கிள்ளானில் மூன்று தலைமுறையாக வாழையிலைச் சோறும் நண்டுப் பிரட்டலும் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு அவருடையது.

கார் வேண்டாம் என்று கொமுட்டர் ரயில் ஏறினோம். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் பக்கமாக நடந்து மோனோரெயில் பிடித்தால் புக்கிட் பிந்தாங். அரபுக் கடைகளும் ஈரானியக் கடைகளும் வரிசை கட்டி நிற்கும் பகுதி அது. நாங்கள் போன ஆப்கான் கடை அவற்றுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் இருந்தது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் தானே விளங்கும்.

“மச்சான், சம்பல் இருக்கான்னு கேளுங்க.” தட்டு மேசையைத் தொடுவதற்கு முன்பே மைத்துனர் ஆரம்பித்துவிட்டார். பரிமாறிய பையனுக்கு இருபது வயது இருக்கும். நன்றாகவே மலாய் பேசினான். “சம்பல் தாக் அடா, போஸ்” என்று சிரித்துவிட்டு, மல்லித்தழையும் பூண்டும் வினிகரும் சேர்த்து அரைத்த பச்சைச் சட்னி ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தான். மைத்துனருக்கு அது போதவில்லை. ஆனால் கிண்ணம் காலியானது.

காபூலி புலாவைப் பிரியாணியின் அண்ணன் தம்பி என்று நினைத்துக்கொண்டு உட்காருவதுதான் நம் பக்கத்துக் கோளாறு. நம் பிரியாணியில் மசாலா முன்னால் வந்து நிற்கும், இறைச்சி அதன் பின்னால் வரும். இங்கே இறைச்சிச் சாறுதான் எல்லாம். வெங்காயத்தை நன்றாகக் கருகச் சிவக்க வதக்கி, அதில் ஆட்டிறைச்சியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மெதுவாக வேகவிடுகிறார்கள். சோற்றின் பழுப்பு நிறம் அந்த வெங்காயம் தந்தது. அரிசி, நீண்ட மணியுள்ள புழுங்கல் பாஸ்மதி. அதைத் தனியே அரைவேக்காடாக வேகவைத்து, கஞ்சியை வடித்துவிட்டு, இறைச்சிச் சாற்றை ஊற்றிப் பிரட்டித் தம்மில் போடுகிறார்கள். ஏலக்காய், சீரகம், கிராம்பு, பட்டை எல்லாம் உண்டு, ஆனால் எதுவும் தலை தூக்காது. கேரட்டை மெல்லிய குச்சிகளாக நறுக்கி எண்ணெயில் கொஞ்சம் சர்க்கரையோடு வதக்கி, திராட்சை உப்பி வரும்வரை பொரித்து மேலே தூவுகிறார்கள். இனிப்பு அங்கிருந்து வருகிறது. இறைச்சித் துண்டு மேலே தெரியாது, சோற்றுக் குவியலுக்கு அடியில் புதைந்திருக்கும். தோண்டி எடுத்து, எலும்பிலிருந்து கழன்று வரும் சதையையும் ஒரு கேரட் குச்சியையும் ஒரு திராட்சையையும் ஒரே கவளத்தில் சேர்த்துச் சாப்பிட வேண்டும். தனித்தனியாகச் சாப்பிட்டால் சப்பென்றுதான் இருக்கும்.

ஆப்கானிஸ்தானில் கொழுத்த வாலுள்ள செம்மறியாடு பேர்போனது. சோப்பான் கபாபைக் கம்பியில் கோத்துச் சுடும்போது சதைக்கு நடுவே அந்த வால் கொழுப்பையும் ஒரு துண்டு செருகுவார்கள். மலேசியாவுக்கு வரும் ஆட்டிறைச்சியோ பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் உறைபெட்டியில் வருவது. எனவே இங்கே அந்தக் கபாப் கேட்டால் பாதிச் சுவைதான் கிடைக்கும். புலாவும் மந்துவும் இந்தக் குறையால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை.

மந்து என்பது மெல்லிய மாவில் கொத்திறைச்சியும் வெங்காயமும் வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பது. துருக்கியிலும் கொரியாவிலும்கூட இதற்கு உறவுக்காரப் பண்டங்கள் இருக்கின்றன. டிம் சம் பழகிய கிள்ளான்காரர்களுக்கு உருவம் புதிதாக இருக்காது. ஆனால் மேலே ஊற்றுவதில்தான் வேறுபாடு. கீழே பூண்டு போட்ட கெட்டித் தயிர், மேலே பருப்பும் தக்காளியும் சேர்ந்த குழம்பு, அதற்கும் மேலே உலர்ந்த புதினாத் தூள். சூடும் குளிர்ச்சியும் புளிப்பும் ஒரே வாயில். மைத்துனர் அன்று முதன்முறையாகப் பேச்சை நிறுத்தியது இந்தத் தட்டில்தான். பிறகு தோக் வந்தது: உப்பும் புதினாவும் வெள்ளரித் துருவலும் போட்ட மோர். “இது நம்ம மோருதானே!” என்று இரண்டாவது கோப்பை கேட்டார்.

வெள்ளிக்கிழமை விரதக்காரர்களும் போகலாம். போரானி பாஞ்சான் என்று கேளுங்கள். கத்தரிக்காயை வட்டமாக அரிந்து பொரித்து, தக்காளியில் வேகவிட்டுத் தயிர் ஊற்றித் தருவார்கள். போலானி என்பது உருளைக்கிழங்கோ கீரையோ உள்ளே வைத்துச் சுட்ட மெல்லிய ரொட்டி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கபாப் கேட்கும்போது எந்த இறைச்சி என்று விசாரித்துக்கொள்வது நல்லது. சப்ளி கபாபைப் பல இடங்களில் மாட்டிறைச்சியில்தான் தட்டுகிறார்கள்.

சாப்பிட்டு முடித்து, ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர் வந்த நேரத்தில் பையனிடம் பெருங்காயம் பற்றிக் கேட்டேன். ‘ஹிங்’ என்றதும் அவனுக்குப் புரிந்தது. வயிற்று வலிக்கு மருந்து என்றான். சமையலில் போடுவீர்களா என்றதற்கு ஒரு மாதிரி பார்த்தான். அவன் பார்த்ததில் தப்பில்லை. குளிர்காலத்துக்கென்று ஆட்டிறைச்சியைத் தோலோடு உலர்த்திப் பாடம் செய்யும் லாந்தியில் உப்போடு பெருங்காயமும் தேய்ப்பார்கள். அதை விட்டால் ஆப்கான் அடுப்படியில் அதற்குப் பெரிய வேலை கிடையாது. விளைவது அங்கே, தீர்வது நம் சாம்பாரிலும் ரசத்திலும்.

ஹெராத் போன்ற பகுதிகளின் வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் செடியின் வேரைக் கீறினால் வடியும் பால்தான் உறைந்து பெருங்காயமாகிறது. செடி பால் தருவதற்குச் சுமார் 5 ஆண்டுகள் ஆகும். ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டன் கச்சாப் பெருங்காயம் வாங்குகிறது. அதை உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸ் போன்ற ஊர்களிலும் மும்பையிலும் மாவும் பிசினும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக்குகிறார்கள். நம் வீட்டு அலமாரிகளில் நிற்கும் எல்ஜி டப்பாவின் நிறுவனம் 1894இல் தொடங்கியது. இந்தியா தன் மண்ணில் இதைப் பயிரிட்டுப் பார்க்க முனைந்ததே 2020 அக்டோபரில்தான், இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மளிகை வாங்கும் அம்மாக்களிடம் நீங்கள் தினமும் ஆப்கானிஸ்தானைத் தாளிக்கிறீர்கள் என்றால் சிரிப்பார்கள். உண்மை அதுதான். போர் நடந்த காலத்திலும் நம் ரசத்தில் வாசனை குறையவில்லை.

அந்தப் பொருளுக்குக் கிடைத்த வழி ஆளுக்குக் கிடைக்கவில்லை.

மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. ஐநா அகதிகள் ஆணையம் 1975இலிருந்து, வியட்நாம் படகுகள் வந்த காலந்தொட்டு, இங்கே இயங்குகிறது. அது தரும் அட்டையை எல்லாரும் ‘யூஎன் கார்டு’ என்கிறார்கள். அட்டை இருந்தாலும் குடிநுழைவுச் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் அனுமதியின்றி வந்தவர்கள்தான். சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லை. ஆணையத்தில் பதிந்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மியன்மார்க்காரர்கள். ஆப்கானியர்கள் சில ஆயிரம் பேர். அந்தப் பட்டியலில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இங்குள்ள ஆப்கானியர்களில் பலர் ஹசாரா இனத்தார். ஆஸ்திரேலியாவை நோக்கிக் கிளம்பியவர்களில் எத்தனையோ பேருக்கு மலேசியா வழியில் ஒரு தங்கல். 2013இல், படகில் வருவோரைத் தன் மண்ணில் குடியேற்ற மாட்டேன் என்று ஆஸ்திரேலியா அறிவித்த பிறகு அந்த வழியும் அடைபட்டது. 2021இல் தலிபான் மீண்டும் காபூலைப் பிடித்தபின் திரும்பிப் போவது என்ற பேச்சுக்கும் இடமில்லை.

ஆப்கான் கடை வைத்திருக்கும் எல்லாரும் அகதிகள் என்று சொல்ல வரவில்லை. மாணவர் விசாவில் வந்து தங்கியவர்கள், உள்ளூர்ப் பங்குதாரரோடு முறையாகத் தொழில் நடத்துபவர்கள் எல்லாம் உண்டு. ஆனால் அடுப்படியில் நிற்கும் கை யாருடையது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பத்திரிகையில் பெயர் போட்டுப் பாராட்டினால் முதலில் வருவது வாடிக்கையாளரா, குடிநுழைவு லோரியா என்று எனக்கு நிச்சயமில்லை. பாராட்டு எழுதுவதற்கே தயங்க வைக்கும் சட்டம் இது.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு சுற்றுவழி கண்டவர்களும் உண்டு. 2016இல் கோலாலம்பூரில் மூன்று பல்கலைக்கழக மாணவிகள் தொடங்கிய பிச்சா ஈட்ஸ், அகதிக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் சமைப்பதை வாங்கி அலுவலகங்களுக்கும் விருந்துகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆப்கான், சிரியா, மியன்மார் என்று பல அடுப்புகள். (பெயரைத் தமிழ்க் காதால் கேட்டுத் திகைக்க வேண்டாம். அது ஒரு மியன்மார்ச் சிறுவனின் பெயரை ஒட்டி வைத்தது.) அரசும் 2017இல் 300 ரோஹிங்கியாக்களுக்குத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை தரும் முன்னோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அது தள்ளாடி நின்றுபோனது. சமையல்காரர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

சமையல்காரர் விஷயத்தில் நம்மவர்களுக்கு நினைவிருக்க வேண்டிய சம்பவம் ஒன்று இருக்கிறது. 2018இல் ஆட்சி மாறிய கையோடு, மனிதவள அமைச்சராக இருந்த எம். குலசேகரன், அடுத்த ஆண்டு சனவரி 1 முதல் உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்கள்தான் இருக்க வேண்டும் என்றார். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் மாஸ்டர் இல்லாமல் தோசைக்கல்லும் தந்தூர் அடுப்பும் எப்படி ஓடும், கைப்பக்குவத்தை எப்படி இங்கே ஆள்பிடித்து நிரப்புவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அரசு பின்வாங்கியது. அதே நியாயம் புக்கிட் பிந்தாங் சந்தில் கேரட் நறுக்குபவருக்கும் பொருந்தும். ஆனால் அவருக்காக அமைச்சரிடம் போய் நிற்கச் சங்கம் கிடையாது, ஓட்டும் கிடையாது. நம் மாஸ்டருக்கு வேலை அனுமதி ஒன்று இருக்கிறது, அதைக் காட்டித்தான் அன்று நாம் வாதாடினோம்.